பிள்ளை பெத்த பிறகும் பாக்கணும்: பேறுகாலத்துல இதயமும் ரத்தக்குழாயும்

"பிள்ளை பொறந்தாச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காவ"ன்னு போன்ல சேதி போனதும் வீட்டுல எல்லாரும் நிம்மதியாயிருதாவ. அதுக்கப்புறம் எல்லார் கண்ணும் பிள்ளை மேலதான், எடை கூடுதா, மஞ்சக்காமாலை இருக்கா, பால் ஒழுங்கா குடிக்கா, யார் ஜாடைன்னு. பெத்தவ முகம் வெளுத்துப் போயி மூச்சு வாங்க உக்காந்திருந்தாலும் "பச்ச உடம்புக்காரி, அசதி இருக்கத்தான் செய்யும்"னு ஒத்த வார்த்தையில முடிச்சிருதாவ. ஆனா பேறுகாலத்துல வர்ற பெரிய இதயக் கோளாறு, ரத்தக்குழாய் கோளாறுல நிறைய தலைகாட்டுறதே ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி தாய் வீட்டுக்கு வந்த பிறகுதான். நான் பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன், இத நம்ம பக்கத்து அம்மாமாருக்கும் ஆச்சிமாருக்கும் புருசன்மாருக்கும் புரியுத மாதிரி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சது, அதான் எழுதுதேன்.

மொதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குன்னு பாப்போம். மாசமா இருக்கும்போது உடம்புல ஓடுற ரத்தம் சாதாரண நாளைக் காட்டிலும் 40லருந்து 50 சதவீதம் கூடிரும், இதயம் ஒரு நிமிசத்துல வெளிய தள்ளுற ரத்தமும் 30லருந்து 50 சதவீதம் வரை கூடும், துடிப்பும் நிமிசத்துக்கு 10, 20 கூடத்தான் இருக்கும். நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு மட்டுமே நிமிசத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போகுது. அப்புறம் பிரசவ வலி எடுக்கும்போது ஒவ்வொரு வலிக்கும் இதயத்துக்கு வேலை இன்னும் ஏறும். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிய வந்ததும் சுமை இறங்கிரும்னுதான நினைப்போம், அப்படி இல்ல, கர்ப்பப்பை சுருங்கும்போது அதுல கெடந்த ரத்தம் ஒரே மூச்சுல உடம்புக்குள்ள திரும்புது, காலுல தேங்கிக் கெடந்த நீரும் அடுத்த ரெண்டு மூணு நாள்ல ரத்தத்துக்குள்ள வந்து சேருது. நல்ல இதயம் இதெல்லாம் தாங்கிக்கிடும். ஏற்கனவே நலிஞ்ச இதயம் இந்த மூணு நாள்லதான் தடுமாறும், நுரையீரல்ல நீர் கோத்துக்கிடும். இது போக இன்னொரு விசயம், பிரசவத்துல ரத்தம் ரொம்ப போயிரக்கூடாதுன்னு உடம்பே ரத்தத்தை சீக்கிரம் உறையுத மாதிரி மாத்தி வச்சிருக்கும், அது ஒருபக்கம் உயிரைக் காப்பாத்தும், இன்னொரு பக்கம் வேண்டாத எடத்துல கட்டி கட்டிரும். இதெல்லாம் பழைய நெலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும், அதனாலதான் தாய் இறப்புன்னு கணக்கு எடுக்கிறதையே பிரசவம் முடிஞ்சு 42 நாள் வரைக்கும் வச்சிருக்காவ.

அதிகமா வர்றது பிபி, அதுலருந்து ஆரம்பிக்கேன். அஞ்சு மாசத்துக்கு மேல, அதாவது 20 வாரம் தாண்டி, பிபி 140க்கு 90ன்னோ அதுக்கு மேலயோ ஏறி கூடவே யூரின்ல புரதமும் போச்சுன்னா அத ப்ரீஎக்லாம்ப்சியான்னு சொல்லுவாவ. புரதம் போகாமலே ஈரல், கிட்னி, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு (பிளேட்லெட்) இதுல கோளாறு காட்டினாலும் அதேதான். 160க்கு 110 தொட்டுச்சுன்னா அது அவசரம், உடனே இறக்கணும், இல்லன்னா மூளையில ரத்தக்கசிவு வரலாம். முத்திப்போனா வலிப்பு வரும். இந்த வலிப்பைத்தான் நம்ம பக்கம் ஜன்னி கண்டுட்டுன்னு சொல்லுவாவ, காத்து கருப்புன்னு சொல்லி திருநீறு போட கூட்டிட்டுப் போனவங்களும் உண்டு. தயவு செஞ்சு அங்க நேரத்தைக் கழிக்காதீங்க, மக்னீசியம் சல்பேட்டுன்னு ஒரு ஊசி இருக்கு, வெலை ரொம்பக் கம்மி, வலிப்பை நிறுத்தவும் வராம தடுக்கவும் அதுதான் மருந்து. பல நாட்டுல சேர்ந்து பண்ணி 2002ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, அந்த ஊசி போட்டவங்களுக்கு வலிப்பு வர்ற வாய்ப்பு பாதிக்கும் கீழ குறைஞ்சுதுன்னு தெளிவாவே தெரிஞ்சுது.

இதுல சனங்களுக்குத் தெரியாத விசயம் என்னன்னா, பிரசவம் முடிஞ்ச பிறகு பிபி உடனே இறங்குறது இல்ல, மூணாம் நாள்லருந்து ஆறாம் நாளுக்குள்ளதான் பலபேருக்கு உச்சத்துக்கு ஏறும். அந்த நேரம் பாத்துதான் நாம டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். மாசமா இருக்கும்போது பிபியே இல்லாதவளுக்குக்கூட பிரசவத்துக்குப் பிறகு புதுசா வரலாம், ஆறு வாரம் வரைக்கும் வரலாம். தலைவலி மாத்திரை போட்டும் விடாத தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குத மாதிரி மின்னுறது, பார்வை மங்குறது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலது பக்கம் வலி, வாந்தி, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே பிபி பாக்கணும். ராத்திரி முழிச்சு பால் குடுக்கதுனாலதான் தலை வலிக்குன்னு விடுறதுதான் நான் அடிக்கடி கேக்குற பதில். முழிப்புனால வர்ற தலைவலி தூங்குனா பெரும்பாலும் கொறையும், பிபி தலைவலி அப்படி லேசுல கொறையாது.

பிபி மாத்திரை பத்தி ஒண்ணு சொல்லியாகணும். வீட்டுல ஆச்சியோ மாமாவோ போடுற பிபி மாத்திரையை எடுத்து மாசமா இருக்கவளுக்கு குடுத்துராதீங்க, அதுல சில வகை மருந்து வயித்துல இருக்க பிள்ளையோட கிட்னியைக் கெடுத்துரும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா இதெல்லாம் கர்ப்பகாலத்துக்குன்னு பாத்து டாக்டர் எழுதுற மருந்து. போன பிரசவத்துல பிபி இருந்தவ, ரெட்டைப் பிள்ளை சுமக்குறவ, சுகர் இருக்கவ இவங்களுக்கு மூணு மாசம் முடியுத சமயத்துல சின்ன அளவு ஆஸ்பிரின் ஆரம்பிச்சா ப்ரீஎக்லாம்ப்சியா வர்றது கொறையும், அதுனால நாள் தள்ளுனதும் சீக்கிரமே விஎச்என் சிஸ்டர்கிட்ட, அதான் கிராம சுகாதார நர்ஸ்கிட்ட, போயி பதியணும். அப்ப குடுக்குற பிக்மி நம்பர் அரசாங்க உதவிப் பணம் வாங்கவும் பொறப்பு சர்ட்டிபிகேட்டுக்கும் மட்டும்னு நிறையப் பேர் நினைக்காவ, பதிஞ்ச நாள்லருந்து உன் பிபியும் எடையும் ரத்தமும் எழுத்துல இருக்கும்லா, அதுதான் பெரிய லாபம்.

அடுத்தது இதயமே நலிஞ்சு போறது. பெரிபார்ட்டம் கார்டியோமயோபதின்னு பேரு. நேத்து வரைக்கும் ஒரு கோளாறும் இல்லாத பொண்ணுக்கு, பிரசவத்துக்கு முந்தின மாசத்துலருந்து பிரசவம் முடிஞ்சு அஞ்சு மாசத்துக்குள்ள, இதயத் தசை பலம் கெட்டு பம்ப் பண்ற சக்தி கொறைஞ்சுரும். எக்கோன்னு இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்ல ஈஎஃப்னு ஒரு நம்பர் சொல்லுவாவ, இதயத்துல நிறையுத ரத்தத்துல எத்தன சதவீதத்தை ஒரு துடிப்புக்கு வெளிய தள்ளுதுங்கிற கணக்கு அது, சாதாரணமா 55க்கு மேல இருக்கணும், இதுல 45க்குக் கீழ போயிரும், சிலருக்கு 20, 25ன்னுகூட பாத்திருக்கேன்.

ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம், சுகப்பிரசவம், பத்து நாள் கழிச்சு பிள்ளைக்கு தடுப்பூசி விசயமா வந்திருந்தா. பிள்ளையைப் பாத்துட்டு அவளைப் பாக்கேன், நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள மூச்சு வாங்குது, கழுத்து நரம்பு புடைச்சு நிக்கு. "ராத்திரி எப்படிம்மா தூங்குத"ன்னு கேட்டேன், அவ வாயத் தொறக்கும் முன்னாடி அவ அம்மா சொன்னாவ, "செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குதா சிஸ்டர், பால் குடுக்க அதான் தோதா இருக்குன்னு." அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு "படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர், எந்திச்சு உக்காந்தா சரியாவுது"ன்னா. கூட இருமல் வேற, பச்சத்தண்ணி பட்டதுனால சளின்னு வீட்டுல கஷாயம் போட்டுக் குடுத்திருக்காவ. காலை அமுக்கிப் பாத்தா விரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்கு. அன்னைக்கே எக்கோ எடுத்து ஈஎஃப் 28ன்னு வந்துது. நல்ல நேரத்துல வந்ததுனால நீர் பிரியுற மாத்திரை, பீட்டா பிளாக்கர் எல்லாம் ஆரம்பிச்சு அவ தேறிட்டா.

படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா சரியாவுது, இந்த ஒண்ணை மட்டும் இந்தக் கட்டுரையில இருந்து ஞாபகம் வச்சுக்கிட்டாலும் போதும்னு நான் நினைக்கேன். அசதிக்குப் படுத்தா சுகமா இருக்கும். இதயம் நலிஞ்சவளுக்குப் படுக்கதுதான் கஷ்டம். தலையணை ரெண்டு மூணுன்னு ஏறிக்கிட்டே போகுது, நடுராத்திரி திடுக்குன்னு மூச்சடைச்சு முழிப்பு வருது, கால் வீக்கம் பிரசவம் முடிஞ்சும் வத்தாம கூடுதுன்னா எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்க. இந்த நோய் வந்தவங்கள்ல சுமார் பாதிப்பேருக்கு ஆறு மாசம் ஒரு வருசத்துக்குள்ள இதயம் பழைய நெலைக்கு வந்துரும், அதனால பயந்து ஓஞ்சு போகாம மருந்தை விடாம போடணும். சில டாக்டர்மார் பால் நிறுத்துற மருந்தையும் சேர்த்துக் குடுப்பாவ, பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்லருந்து உடையுற ஒரு துண்டுதான் இதயத் தசையைக் கெடுக்குன்னு ஒரு கருத்து இருக்கு, அதான் காரணம். அப்படி நிறுத்தச் சொன்னா "பிள்ளைக்கு பால் குடுக்காத தாயா"ன்னு பெத்தவளைப் பேசாதீங்க, அவ உயிரோட இருக்கதுதான் பிள்ளைக்கு முக்கியம். பிரசவக்காரிக்குன்னு பால் ஊறட்டும்னு தெனமும் கருவாட்டுக் குழம்பு வைக்கிறதும் இந்த நோய்ல ஆகாது, உப்பு கூடக்கூட நீர் கோக்கும்.

இனி ரத்தக்கட்டி. காலுல ஆழமா இருக்க நரம்புக்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாகுறது, அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயி அடைக்கிறது. கர்ப்பகாலம் முழுக்க இந்த வாய்ப்பு உண்டு, ஆனா ரொம்ப ஜாஸ்தி பிரசவத்துக்குப் பிறகு வர்ற ஆறு வாரம்தான், அதுலயும் சிசேரியன் ஆனவ, எடை கூடினவ, ரத்தம் நிறைய போனவ, குடும்பத்துல யாருக்காவது கட்டி வந்திருக்கவ கவனமா இருக்கணும். ரெண்டு காலும் வீங்குறது சாதாரணமா இருக்கலாம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி வலிச்சா அது சாதாரணம் இல்ல. மாசமா இருக்கவளுக்கு பெரும்பாலும் இடது கால்லதான் வரும், சில சமயம் தொடை, தொடையிடுக்கு மட்டும் வலிக்கும். திடீர்னு மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல குத்தல், இருமுனா ரத்தம், இதெல்லாம் கட்டி நுரையீரலுக்குப் போயிட்டுங்கிறதுக்கு அடையாளம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துற பொண்ணுங்க நிறைமாசத்துலயும் முறத்தை மடியில வச்சுக்கிட்டு காலை மடக்கி மணிக்கணக்கா உக்காந்திருக்காவ, கணக்கு முடிக்கணும்லா, வேற வழி இல்லதான். ஆனா மணிக்கு ஒருதரமாவது எந்திச்சு வாசல் வரை நடந்துட்டு வாங்க, காலை நீட்டி பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க. புகையிலைத் தூசி வேற பிள்ளைக்கு ஆகாது, முடிஞ்சா அந்த மாசங்கள்ல வேலையைக் கொறச்சுக்கோங்க.

இதே கட்டி மூளையில ரத்தம் வடியுற குழாய்லயும் வரும். நம்ம நாட்டுல பிரசவமான பொண்ணுங்ககிட்ட ரொம்ப காலமா பாத்துட்டு வர்ற நோய் இது, பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள. நாள் போகப் போகக் கூடுற தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது. உடம்புல தண்ணி வத்திப்போறது இதுக்கு ஒரு காரணம். இப்ப நான் சொல்லப் போறது ஆச்சிமாருக்குக் கோவம் வரும், பரவாயில்ல. பெத்தவளுக்கு தண்ணி குடுத்தா வயிறு போட்டுரும், புண்ணு ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு சொல்லி ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் வெந்நீரோட நிறுத்துற பழக்கம் இன்னும் நிறைய வீட்டுல இருக்கு. மே மாசத்து வெயில்ல ஓட்டு வீட்டுல கதவை அடைச்சுப் போட்டு, காதுல பஞ்சு வச்சு, சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு இடிச்ச மருந்து குடுத்து, தண்ணி மட்டும் குடுக்காம வச்சா உடம்பு என்னத்துக்காவும்? பால் சுரக்கவும் தண்ணிதான் வேணும். மருந்து குடுங்க, பத்தியச் சாப்பாடு குடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல, தண்ணியை மட்டும் நிறுத்தாதீங்க. யூரின் கடும் மஞ்சளா வந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம். இதய நோய்னு டாக்டர் தண்ணிக்கு அளவு சொல்லியிருந்தா மட்டும் அந்த அளவு.

கட்டிக்கு வைத்தியம் ஹெப்பாரின் வகை ஊசி, வயித்துத் தோலுக்கடியில போடுறது. பிள்ளைக்குப் போகாது, பால் குடுக்கவும் தடை இல்ல. வீட்டுல தானே போட்டுக்கிடப் பழகிக்கலாம், ரெண்டு நாள் பயமா இருக்கும், அப்புறம் சரியாயிரும்.

நம்ம ஊரு மாதிரி எடத்துல பெரிய தொந்தரவு இதய வால்வு கோளாறு. சின்ன வயசுல தொண்டைவலி வந்து கவனிக்காம விட்டு, மூட்டு மூட்டா வீங்கி காய்ச்சல் வந்திருக்கும், அந்த வாதக்காய்ச்சல் இதய வால்வைத் தின்னுட்டுப் போயிருக்கும், பத்து பதினஞ்சு வருசம் வெளிய தெரியாது. கலியாணமாகி மாசமானதும்தான் தெரியும். மைட்ரல் வால்வு சுருங்கிப் போச்சுன்னா, ஐப்பசி மழையில தாமிரவருணி கரை புரண்டு வரும்போது கால்வாய் மடை ஷட்டர் துருப்பிடிச்சு கால்வாசிதான் தெறக்குதுன்னு வைங்க, தண்ணி பின்னாடி தேங்கி ஊருக்குள்ள ஏறும்லா, அதே மாதிரி ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்கும். அதான் ஏழாவது எட்டாவது மாசத்துல மாடிப்படி ஏற முடியாம இரைக்கும். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல 2016லருந்து 2019 வரை இதய நோயோட வந்த ஆயிரத்துச் சொச்சம் கர்ப்பிணிகளைப் பதிவு பண்ணிப் பாத்ததுல அதிகமா இருந்தது இந்த வாதக்காய்ச்சல் வால்வு நோய்தான், நூத்துக்கு 42 பேருக்கு. செயற்கை உலோக வால்வு வச்சவங்களுக்கும் ஆபத்து கூடத்தான்.

உலோக வால்வு வச்சவங்க ரத்தம் உறையாம இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை போடுவாவ. நாள் தள்ளிப் போச்சுன்னு தெரிஞ்சதும் பிள்ளைக்கு ஆகாதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு அந்த மாத்திரையை தானா நிறுத்திருதாவ. அதுதான் உயிருக்கு உலை. அந்த மாத்திரை முதல் மூணு மாசத்துல பிள்ளையைப் பாதிக்கலாம்ங்கிறது உண்மை, ஆனா அதுக்கு மாத்தா ஊசிக்கு மாத்தணுமா, அளவைக் கொறைக்கணுமான்னு இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். மாத்திரை இல்லாம சும்மா இருந்தா வால்வுலயே ரத்தம் உறைஞ்சு அடைச்சுரும். சுருங்குன வால்வுக்கு கர்ப்பகாலத்துலயே, பெரும்பாலும் நாலு மாசத்துக்கு மேல, தொடை வழியா பலூன் விட்டு விரிக்கிற சிகிச்சை இருக்கு, நெஞ்சைத் தெறக்க வேண்டியதில்ல. வாதக்காய்ச்சலுக்கு 21 நாளைக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டு இருந்தவங்க கர்ப்பம்னு அதையும் நிறுத்த வேண்டாம்.

இதுல ஒரு விசயம் எனக்கு ரொம்ப வருத்தம். சின்ன வயசுல இதய ஆபரேசன் ஆனதையோ ஓட்டை இருந்ததையோ மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சு கட்டிக் குடுத்திருப்பாவ. செக்கப்புக்கு அத்தையும் கூடவே வர்றதால அவ எங்ககிட்டயும் வாயத் தொறக்க மாட்டா. நெஞ்சுல தழும்பைப் பாத்து நாங்க கேட்டாத்தான் அழுவா. தாய்மாரே, மத்தவங்ககிட்ட சொல்லாட்டாலும் சிஸ்டரைத் தனியா கூப்பிட்டு காதுலயாவது சொல்லிருங்க.

ரத்தசோகையையும் இங்கயே சேர்த்துச் சொல்லிருதேன். ஹீமோகுளோபின் 11 இருக்கணும், 7க்குக் கீழ போனா இதயம் இருக்க கொஞ்ச ரத்தத்தை வச்சுக்கிட்டு ரொம்பக் கூட ஓட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணா சேர்த்துப் போடாதீங்க, ஒண்ணை ஒண்ணு உடம்புல சேர விடாது. டீ குடிச்ச கையோடயும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

மாரடைப்பு அபூர்வம்தான், ஆனா வரும். கொழுப்பு அடைப்பே இல்லாத 25, 30 வயசுப் பொண்ணுக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாயோட உள்சுவர் தானா கிழிஞ்சு அடைச்சுக்கிடும், பிரசவம் முடிஞ்ச முதல் சில வாரத்துலதான் அதிகம். நெஞ்சை அழுத்துறது, இடது கை, தாடை, தோள்னு பரவுறது, குப்புனு வேர்க்கிறது. சின்னப் பொண்ணுக்கு ஹார்ட் அட்டாக்கா, வாய்வாத்தான் இருக்கும்னு சொல்லி பெருங்காயத் தண்ணி குடுத்துக்கிட்டு இருக்காம ஈசிஜி எடுக்கணும்.

மேல சொன்னதுல எது வந்தாலும் 108க்குப் போன் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதும் மொத வார்த்தையே "பிரசவமாகி இத்தன நாள் ஆச்சு"ன்னு சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா பிள்ளையை வீட்டுல விட்டுட்டு தாய் மட்டும் கேசுவாலிட்டிக்கு வந்தா அவ பிரசவக்காரின்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது, மூச்சிரைப்புன்னு வீசிங் மருந்து குடுத்து அனுப்பிரலாம். அம்பாசமுத்திரம், ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துலருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணுனா "இங்கயே பாத்துருங்களேன்"னு மல்லுக்கட்டாதீங்க, எக்கோவும் இதய டாக்டரும் ஐசியூவும் ஒரே எடத்துல வேணுங்கிறதுக்காகத்தான் அனுப்புதாவ.

பிபி இருந்து பிரசவமானவ வீட்டுக்குப் போன முதல் பத்து நாளாவது பிபி பாக்கணும். உக்காந்து அஞ்சு நிமிசம் சும்மா இருந்துட்டு, காலைத் தொங்கப் போடாம தரையில ஊனி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசை மேல வச்சுப் பாக்கணும், பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே பாத்தா சரியா வராது. வீட்டுல மிசின் இல்லன்னா சப்சென்டர்ல சிஸ்டர் பாப்பாவ. ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவங்களுக்கு பிற்காலத்துல இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைக் காட்டிலும் சுமார் ரெண்டு மடங்கு, அதனால பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசானாலும் வருசத்துக்கு ஒருதரம் பிபியும் சுகரும் பாத்துக்கிடணும். நாப்பது வயசுல நெஞ்சுவலின்னு டாக்டர்கிட்ட போனாலும் "எனக்கு பிரசவத்துல பிபி இருந்துது"ன்னு சொல்லணும்.

அடுத்த பிள்ளை விசயம் வீட்டுல பெரியவங்க சட்டுனு பேசுற விசயம், "ஒத்தப் பிள்ளையோட நிறுத்திருவியா"ன்னு. இதயம் நலிஞ்சு போய் ஈஎஃப் பழைய நெலைக்கு வராதவ மறுபடி மாசமானா உயிருக்கே ஆபத்து, தேறுனவளுக்கும் திரும்ப வரலாம். நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ரொம்ப ஏறிப்போனவங்களுக்கு கர்ப்பமே வேண்டாம்னுதான் டாக்டர்மார் சொல்லுவாவ. அதனால முடிவு எக்கோ பாத்துட்டுத்தான் எடுக்கணும், மாமியார் ஆசையைப் பாத்து இல்ல. இடைவெளிக்கு கடையில கேட்டு வாங்குற சாதாரண கர்ப்பத்தடை மாத்திரையை பிரசவமான ஆறு வாரத்துக்குள்ள போடக்கூடாது, அதுல இருக்க ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டியைக் கூட்டும், கட்டி வந்தவளும் பிபி இருக்கவளும் அதுக்குப் பிறகும் டாக்டர்கிட்ட கேக்காம தொடக்கூடாது. காப்பர் டி பெரும்பாலானவங்களுக்கு ஆகும், பிரசவம் முடிஞ்ச கையோடயே வச்சுக்கலாம், வலி எடுக்கதுக்கு முன்னாடியே செக்கப்புல சொல்லி வைக்கணும். பிள்ளை போதும்னு முடிவாச்சுன்னா இதயம் சரியில்லாத பொண்ணை மறுபடி ஆபரேசன் மேசையில படுக்க வைக்கிறதை விட, அத்தான் போயி வாசக்டமி பண்ணிட்டு வரலாம், சின்ன ஆபரேசன்தான், அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் எடுத்து சுத்தமாச்சான்னு பாக்குற வரைக்கும் மட்டும் வேற தடுப்பு வேணும்.